வேடியப்பன் கல்லில் வைத்த கை

கானாத்துப் பள்ளத்தை மான் சரணாலயம் ஆக்கியாச்சுன்னு பாரஸ்ட்டுக்காரங்க போர்டு நட்ட அன்னிக்கு, கல்லூத்துப்பட்டு ஊரே வயித்துல அடிச்சிக்கிச்சு. ஆடு எறங்கக்கூடாது, கோடாலி வைக்கக்கூடாது, நெருப்புப் போடக்கூடாது, வேட்டையாடக்கூடாது. அப்புறம் மனுஷன் எதுக்குத்தான் அந்தப் பக்கம் போறது? ஆளாளுக்குப் பொலம்பிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தி மட்டும் இடுப்புல கைய வெச்சிக்கிட்டு சிரிச்சா. அவ பேரு சம்பூர்ணம்.

மான் மேல அவ்ளோ பாசமான்னு கேப்பீங்க. மண்ணாங்கட்டி. அவரைக் கொடிய மேய வந்த மானைக் கல்லெடுத்து அடிச்சவ அவ. மானும் வேணாம், மயிலும் வேணாம் அவளுக்கு. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஊர்க்கவுண்டன் அருணகிரி ஜெயில்ல கம்பி எண்ணணும். அதுக்கு மான் ஒத்தாசை பண்ணும்னா மானுக்குக் கற்பூரம் காட்டவும் அவ தயாரா இருந்தா.

ஏன் அவ்ளோ வெறின்னு சொல்லணும்னா, அந்த ஊரு பொங்கல் வேட்டையச் சொல்லணும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆம்பளைங்க எல்லாரும் நாயோட, வலையோட பள்ளத்துல எறங்குவாங்க. விழுந்த மிருகத்தைத் தூக்கிட்டு வந்து ஊருக்குக் கீழ இருக்கற வேடியப்பன் சாமி கல்லுக்கு முன்னாடி கெடத்துவாங்க. ஒடனே கத்தி வெச்சிட முடியாது. பூசாரி கண்ணாயிரம் எழுந்து நின்னு, "யாரு கை?"ன்னு கேப்பாரு. மூணு வாட்டி கேக்கறது மொறை. அடிச்சவன் முன்னால வந்து, உள்ளங்கைய கல்லு மேல வெச்சு, "என் கை"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் கறி. தலை அவனுக்கு, மீதி வூட்டுக்கு ஒரு கூறு. கூறு போட்டு முடிக்கற வரைக்கும் பொம்பளைங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக்கூடாது.

கல்லு மேல கைய வெச்சிட்டுப் பொய் சொன்னா அந்தக் கை வெளங்காமப் பூடும்னு ஊருக்கே நம்பிக்கை. அந்த ஊர்க்காரங்க சொல்ற பொய்யி கொஞ்சநஞ்சமில்ல. ஜமுனாமரத்தூர் சந்தையில போன வருஷத்துப் புளியை இந்த வருஷத்துப் புளின்னு சத்தியம் பண்ணி விப்பாங்க. ஆனா கல்லுக்கிட்ட வந்தா நாக்கு மடங்கிடும். பொய் சொல்ல முடியாதவன் அங்க ஒண்ணுதான் பண்ணுவான், வாயை மூடிக்குவான்.

அப்படித்தான் மூடிக்கிட்டாங்க, எமர்ஜென்சி முடிஞ்ச மறு பொங்கலுக்கு.

அன்னிக்குப் பன்னிய வெரட்டிக்கிட்டுப் போனாங்க. குண்டு பன்னி மேல படல. எல்லாருக்கும் முன்னால ஓடின அர்ச்சுனன் முதுகுல பாஞ்சிடுச்சு. அர்ச்சுனன் சம்பூர்ணத்தோட புருஷன். கயித்துக் கட்டில்ல போட்டுத் தூக்கியாந்தாங்க, வர்ற வழியிலயே உசுரு போயிடுச்சு. வேட்டையில விழுந்த உசுரு எதுவா இருந்தாலும் கல்லுக்கு முன்னாடிதானே எறக்கணும், எறக்கினாங்க. சேதி கேட்ட சம்பூர்ணம் தலைவிரி கோலமா ஓடியாந்தா. பொம்பளை வரக்கூடாதுன்னு எவனோ மறிச்சான், அவனைத் தள்ளிட்டு வந்தா. புருஷன் தலைய மடியில வெச்சிக்கிட்டு நிமிந்து பாத்து, "யாரு கை?"ன்னு கேட்டா.

ஒருத்தனும் பேசல. மறுபடி கேட்டா. மூணாவது வாட்டி தொண்டை கிழியக் கேட்டா.

கண்ணாயிரம்தான் இழுத்தாரு. "அது மிருகத்துக்குக் கேக்கறதும்மா. மனுஷனுக்குக் கேக்கற வழக்கம் இல்ல."

கல்லு மேல ஒரு கையும் வரல. ஆனா எல்லார் கண்ணும் ஒரே எடத்துலதான் போய் நின்னுச்சு. அர்ச்சுனன் விழுந்த பொதர்ப் பக்கம் அன்னிக்கு இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அருணகிரியோட துப்பாக்கி. அந்தாளு தலையக் குனிஞ்சிக்கிட்டு, பக்கத்துல நின்ன மவன் கோபால்சாமியோட தோளை அழுத்திப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. பையனுக்கு அப்போ மீசைகூட மொளைக்கல. அதான் அவனுக்கு மொத வேட்டை. ரத்தத்தைப் பாத்துட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான்.

பொழுது சாயறதுக்குள்ள பொதைச்சிட்டாங்க. போலீசு வரைக்கும் சேதியே போகல. ஊர் கூடிப் பேசுச்சு. பஞ்சாயத்துல உக்காந்தவரும் அருணகிரி, தீர்ப்பு சொன்னவரும் அருணகிரி. என்ன அநியாயம் பாருங்க! "வேட்டைக்குத் தலைவன் நான். என் வேட்டையில போன உசுருக்கு நான்தான் பொறுப்பு. ஒரு பசுமாடு தர்றேன்"ன்னாரு. பெரிய மனசுன்னு ஊரே தலையாட்டுச்சு. மறுநா காலையில செவலைக் கெடேரி ஒண்ணை ஓட்டியாந்து, சம்பூர்ணத்தோட வூட்டுக் கம்பத்துல கட்டினாரு. கட்டிட்டு, அவ மொகத்தைப் பாக்காம சொன்னாரு. "கன்னு போடும், பால் குடுக்கும். வெச்சிப் பொழைச்சிக்கம்மா."

அந்த வார்த்தை அவ காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி எறங்குச்சு. அவ அழல, திட்டல. மாட்டை அவுத்து வெரட்டவும் இல்ல. வளத்தா. ஆனா ஒரு சொட்டு பால் கறந்து வாயில வெச்சவ இல்ல, அத்தனையும் கன்னுக்கே வுட்டா. போட்ட கன்னுங்களைக் கேட்டவங்களுக்குத் தூக்கிக் குடுத்தா. தாய் மாட்டை மட்டும் யாருக்கும் குடுக்கல. "அதை ஏண்டி கட்டிக்கிட்டு அழுவுற, வித்துத் தொலை"ன்னு பக்கத்து வூட்டு பெரியம்மாள் எத்தினியோ வாட்டி சொல்லிப் பாத்தா. "அது அவங்க மாடு. அவங்களுக்கே போய்ச் சேரணும். நேரம் வரட்டும்"னு சொல்லிட்டு வைக்கோலைப் போடுவா.

இன்னொன்னும் நடந்துச்சு. கோபால்சாமி வளந்து ஆளானதுல இருந்து, சம்பூர்ணத்தோட வாசல்ல சொல்லாம கொள்ளாம வெறகுக்கட்டு கெடக்கும். கொல்லையில மாட்டுக்குப் புல்லுக்கட்டு கெடக்கும். யாருடா இந்தத் தருமப் பிரபுன்னு ஒரு நாள் கதவு சந்துல பாத்தா, இவன். அப்பன் செஞ்ச பாவத்துக்கு மவன் பரிகாரம் பண்றான் போலன்னு நெனைச்சா. வெறகை எரிச்சா, புல்லை மாட்டுக்குப் போட்டா. அவன்கிட்ட நல்ல வார்த்தையும் பேசல, கெட்ட வார்த்தையும் பேசல. எதிர்ல பாத்தா "வர்றேன் அத்த"ன்னு ஒதுங்கிப் போவான், இவ மொகத்தைத் திருப்பிக்குவா. அவ்ளோதான்.

இப்படி எட்டு வருஷம் ஓடிப்போச்சு. அப்பத்தான் பாரஸ்டர் நசீர் வந்தாரு.

வாணியம்பாடிக்காரரு. சின்ன வயசு, ஒல்லி ஒடம்பு, காட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு. பள்ளம் பூரா உண்ணிச்செடி மண்டி, மானுக்குப் புல்லும் இல்லாம நிழலும் இல்லாம பண்ணிடுச்சுன்னு அவருக்கு ஆத்தாமை. அதை வேரோட பிடுங்கி, இந்த மலையில மொதல்ல இருந்த நெல்லி, நாவல், கடுக்காய் எல்லாத்தையும் திரும்பக் கொண்டாரணும். தண்ணித் தொட்டி கட்டணும். சுத்தி எல்லைக்கல்லு நடணும். கூலிக்கு ஆள் கேட்டு ஊருக்குள்ள வந்தாரு. அருணகிரி ஒருத்தரும் போகக்கூடாதுன்னுட்டாரு. ஒருத்தரும் போகல. சம்பூர்ணம் கடப்பாரையத் தூக்கிக்கிட்டு மொத ஆளாப் போய் நின்னா.

"ஊருல ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம்மா?"ன்னாரு நசீர்.

"சொல்றதுக்கு இன்னா மிச்சம் வெச்சிருக்காங்க"ன்னா அவ.

குழி தோண்டிக்கிட்டே ஒரு நாள் கேட்டா. "ஐயா, இங்க மானைச் சுட்டா இன்னா பண்ணுவீங்க?"

"கேஸ் போட்டு உள்ள தள்ளுவோம். வருஷக் கணக்குல களி திங்கணும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியும் கையில இருந்துச்சுன்னா, அதுக்குத் தனியா."

சம்பூர்ணம் கடப்பாரையக் கீழ போட்டுட்டா. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. நசீர் பயந்து போய் வாட்சரைக் கூப்பிட்டு அவளுக்குத் தண்ணி குடுக்கச் சொன்னாரு.

"ஒண்ணுமில்ல ஐயா"ன்னு முந்தானையில மொகத்தைத் தொடைச்சா. "எங்க ஊர்ல மனுஷனைச் சுட்டா ஒரு பசுமாடு. கவர்மெண்ட்டுல மானைச் சுட்டா ஜெயிலு. கவர்மெண்ட்டு நல்லாயிருக்கட்டும்."

அன்னிக்குத்தான் அர்ச்சுனன் கதைய அவருக்கு முழுசாச் சொன்னா. நசீர் உக்காந்து கேட்டாரு. கடைசியா, "பழைய கதைக்கு நான் இன்னா செய்ய முடியும்மா? ஆனா இந்த வருஷம் வேட்டை நடந்துச்சுன்னா சரணாலயம்னு சொல்றதெல்லாம் வெறும் போர்டுதான். மொத வருஷமே வுட்டுட்டா அப்புறம் எவனும் மதிக்கமாட்டான்"ன்னாரு.

"நடக்கும் ஐயா. நடக்காம இருக்குமா? நானே உங்களுக்குப் புடிச்சுத் தர்றேன்."

அவ சொன்ன மாதிரியே தை மாசம் பொறக்கறதுக்கு முன்னாடி அருணகிரி ஊரைக் கூட்டினாரு. அந்தாளுக்கு அப்போ ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்திருந்துச்சு. எதிர்ல நிக்கறது ஆளா மாடான்னு கிட்ட போய்த்தான் பாப்பாரு. ஆனா குரல் மட்டும் கொறையல. "எவன் போர்டு நட்டா நமக்கு இன்னா? வேடியப்பனுக்கு ரத்தம் காட்டலன்னா மழை எப்படிப் பெய்யும்? சாமையும் கேவுரும் கவர்மெண்ட்டா வந்து வெளைய வைக்கும்? வேட்டை உண்டு"ன்னாரு. துப்பாக்கி எல்லாம் ஒப்படைச்சிட்டோம்னு ஊர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்துச்சு. ஆனா ஒண்ணு மட்டும் அருணகிரி வூட்டுக் கூரையில, சாமை வைக்கோலுக்குள்ள பத்திரமா தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

பெரியம்மாளுக்கு எப்படியோ வாசம் புடிச்சிடுச்சு. வூடு தேடி வந்தா.

"ஏண்டி, ஊரைக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"ஊரை இல்ல. ஒருத்தரை."

"வர்ற மாசியில கோபால்சாமிக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்கடி. இந்த நேரத்துல அப்பனை உள்ள தள்ளினா அந்தப் புள்ளைக்கு யாருடி நின்னு பண்ணுவாங்க? உன் வூட்டுக்கு வெறகு போடறவன்டி அவன்."

சம்பூர்ணத்துக்குக் கொஞ்சம் உறுத்துச்சு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா வாயில வந்தது வேற. "அப்பன் இல்லாம ஒரு கல்யாணம் நடக்கட்டுமே. புருஷன் இல்லாம ஒரு குடித்தனம் நடக்கலையா?"

நசீர் பள்ளத்துல வெச்சே மடக்கலாம்னுதான் நெனைச்சாரு. அவ வேணாம்னுட்டா. பொதருக்கு ஒருத்தனா சிதறிடுவானுங்க, கல்லுக்கிட்ட வாங்க ஐயா, அங்கதான் எல்லாரும் ஒண்ணா நிப்பாங்கன்னா. அதுப்படியே வேட்டையன்னிக்கு விடியறதுக்கு முன்னால நசீரும் நாலு வாட்சருங்களும் கல்லுக்குப் பக்கத்துல இருந்த பாறைக்குப் பின்னால வந்து உக்காந்தாங்க. ஜீப்பை மேல ரோட்டுலயே வுட்டுட்டாங்க. சம்பூர்ணமும் அவங்களோட உக்காந்தா. பள்ளத்துல நாய் கொலைக்கற சத்தம் கேட்டுச்சு. வெயில் ஏற ஏற வெடிச் சத்தம் ஒண்ணு கேட்டுச்சு. நசீர் மொகம் சுண்டிப்போச்சு. பாவம், அவரு வளத்த காடு. சம்பூர்ணத்துக்கு மட்டும் அந்தச் சத்தம் தேனா இருந்துச்சு.

உச்சிவேளைக்கு வந்தாங்க. மூங்கில்ல கட்டித் தூக்கியாந்த மானைக் கல்லுக்கு முன்னால எறக்கினாங்க. நல்ல புள்ளிக் கடா. கழுத்துல குண்டு. கண்ணாயிரம் எழுந்து தொண்டையச் செருமினாரு. அவரு வாயைத் தொறக்கறதுக்குள்ள நசீரும் வாட்சருங்களும் நாலு பக்கமும் வந்து நின்னுட்டாங்க.

அப்புறம் நடந்த கூத்தைக் கேக்கணுமே! துப்பாக்கி தொப்புன்னு கீழ விழுந்துச்சு, அதைச் சுத்தி இருந்த காலெல்லாம் பத்தடி பின்னால போயிடுச்சு.

"யாரு சுட்டது?"

"நாங்க போறப்பவே செத்துக் கெடந்துச்சுங்க."

"நாய் கடிச்சிடுச்சுங்க."

"நாயா கழுத்துல குண்டு வெச்சுச்சு? துப்பாக்கி யாருது?"

"அது வழியில கெடந்துச்சுங்க. உங்ககிட்ட ஒப்படைக்கலாம்னுதான் எடுத்தாந்தோம்."

நசீர் சுத்திப் பாத்தாரு. முப்பது பேருக்கு மேல நிக்கறான். இவரோட நாலு வாட்சரு. எல்லாரையும் ஜீப்புல ஏத்த முடியுமா? ஆளு இல்லாத துப்பாக்கிய வெச்சிக்கிட்டு என்ன கேஸ் போடறது? அருணகிரி குச்சிய ஊணிக்கிட்டு முன்னால வந்து, "பாரஸ்டரு சாரு, மானை எடுத்துக்கிட்டுப் போங்க. ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல"ன்னாரு, பெரிய மனுஷன் மாதிரி.

அப்பத்தான் பாறைக்குப் பின்னால இருந்து சம்பூர்ணம் எழுந்து வந்தா. எட்டு வருஷத்துக்கு முன்னால புருஷன் தலைய மடியில வெச்சிருந்தாளே, அதே எடத்துல வந்து நின்னா. செத்த மான் அவ காலடியில கெடந்துச்சு.

"யாரு கை?"ன்னு கேட்டா.

கண்ணாயிரம் பதறிக்கிட்டு, "பொம்பளை கேக்கக்கூடாதும்மா"ன்னாரு.

"அன்னிக்கு மனுஷனுக்குக் கேக்கக்கூடாதுன்ன. இன்னிக்கு மிருகத்துக்குத்தானே கேக்கறேன்? யாரு கேட்டா இன்னா, கல்லு அதே கல்லுதானே?" அவ கூட்டத்தைச் சுத்திப் பாத்தா. "பாரஸ்டரு கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டீங்க. இந்த வேடியப்பனுக்குச் சொல்லுங்க. யாரு கை?"

ரெண்டு வாட்டி கேட்டாச்சு. ஒவ்வொருத்தன் மொகமும் மண்ணைப் பாத்துச்சு. ஓடவும் முடியல, பொய் சொல்லவும் முடியல. நசீருக்கு அவ சொன்ன கதை ஞாபகத்துக்கு வந்துச்சு, குறுக்க போகாம நின்னாரு.

குச்சி சத்தம் கேட்டுச்சு. அருணகிரி நடந்து வந்தாரு. கல்லு எங்க இருக்குன்னு தடவிப் பாத்து, உள்ளங்கைய மேல வெச்சாரு.

"என் கை"ன்னாரு.

சம்பூர்ணத்துக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. எட்டு வருஷமா எந்த வார்த்தைக்குத் தவம் கெடந்தாளோ, அதே வார்த்தை, அதே வாயில, அதே கல்லு மேல! "கேட்டுக்கிட்டீங்களா ஐயா? கல்லு மேல கைய வெச்சிச் சொல்லிட்டாரு"ன்னு கத்தினா. நசீர் தலையாட்டிட்டு, "போதும்மா. ஒத்துக்கிட்டாரு. ஏத்துங்கப்பா ஜீப்புல"ன்னாரு. ஒரு வாட்சர் வந்து அருணகிரியோட கையப் புடிச்சான்.

அந்தாளு திரும்பினாரு. பாறை மேல மோதப் போனாரு. வாட்சர் இழுத்துப் புடிச்சு வழி காட்ட வேண்டியதாப் போச்சு.

அப்பத்தான் சம்பூர்ணத்துக்கு உறைச்சுச்சு. ரெண்டு கண்ணும் தெரியாத கெழவன். எதிர்ல நிக்கற பாறை தெரியல. ஓடற மானைக் கழுத்துல சுட்டானா? ஊருக்கே தெரிஞ்ச விஷயம், அவளுக்கும் தெரிஞ்ச விஷயம். ஆத்திரம் கண்ணை மறைச்சா இதெல்லாம் எங்க தெரியப் போவுது! சாமி கல்லு மேலயே கைய வெச்சுப் பொய் சொல்லியிருக்கான் மனுஷன். யாருக்காக சொல்லுவான்?

அவ கண்ணு கோபால்சாமியத் தேடுச்சு. கூட்டத்துக்குப் பின்னால, வேர்வையும் மான் ரத்தமும் சட்டையில ஊறிப் போய், வாந்தி வர்ற மாதிரி வாயைப் பொத்திக்கிட்டு நின்னான். அன்னிக்கு நின்ன அதே மாதிரி.

அன்னிக்கு நின்ன அதே மாதிரி. அப்பன் தோளை அழுத்திப் புடிச்சிக்கிட்டு இருந்தது. மொத வேட்டை. வெறகுக்கட்டு. புல்லுக்கட்டு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுந்துச்சு. அன்னிக்குத் துப்பாக்கி அப்பனுது. கை அப்பனுது இல்ல.

அருணகிரிக்குக் கண்ணு தெரியலன்னாலும் அவ ஏன் சத்தமில்லாம நிக்கறான்னு தெரிஞ்சிடுச்சு. வாட்சர் கைய உதறிட்டு அவ பக்கம் வந்தாரு. ஜென்மத்துல யாரையும் கெஞ்சாத மனுஷன், குரலைத் தாழ்த்திச் சொன்னாரு. "சம்பூர்ணம்... வேணாம்மா. உனக்கு நான்தானே வேணும்? நான் போறேன். சாவற வரைக்கும் உள்ளேயே கெடக்கறேன். மூணாவது வாட்டி கேக்காதம்மா. உன் கால்ல விழறேன்."

விழவும் விழுந்தாரு.

நின்ன ஆளுங்க எல்லாருக்கும் நெஞ்சு எளகிப் போச்சு. நசீர்கூட, "போதும்மா, வுட்டுடு"ன்னாரு. நீங்களும் நானும் இருந்தா வுட்டிருப்போம். சம்பூர்ணம் அந்தாளு தலையப் பாத்துக்கிட்டே நின்னா. ஜெயிலுக்குப் போறது இவருக்கு வலிக்கவா போவுது? மவன் தப்பிச்சான்னு நிம்மதியா களி தின்னுட்டுத் தூங்குவாரு. இவரை உள்ள தள்ளினா பழி வாங்கினதா ஆவாது, இவருக்கு நல்லது பண்ணினதா ஆவும். இந்த எட்டு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இந்த மனுஷன் அவ வாசல்ல வந்து உண்மையச் சொல்லி இப்படி விழுந்திருந்தா, அவ என்ன பண்ணியிருப்பாளோ. அப்போ விழல. அப்போ மாட்டைக் கட்டினாரு.

அவ அவரைத் தாண்டிப் போனா. கூட்டம் வெலகி வழி வுட்டுச்சு. கோபால்சாமிக்கு எதிர்ல போய் நின்னா.

"யாரு கை?"

அவன் அழுதுக்கிட்டேதான் வந்தான். ஆனா வந்தான். கல்லு மேல கைய வெச்சான்.

"என் கை அத்த. மானும் என் கை. அர்ச்சுனன் மாமாவும் என் கைதான். அன்னிக்கு அப்பாதான் துப்பாக்கிய என் கையில குடுத்து சுடுடான்னாரு. பொதர் ஆடுச்சு, பன்னின்னு நெனைச்சேன் அத்த. கல்லுக்கிட்ட நீ கேட்டப்போ சொல்ல வாயெடுத்தேன். அப்பா தோளை அழுத்திட்டாரு." மூக்கை உறிஞ்சினான். "நீ திரும்பக் கேக்கமாட்டியான்னு இருந்துச்சு எனக்கு."

அருணகிரி தரையில கெடந்தபடியே, "பொய்யி! பொய்யி சொல்றான்! என் கைதான்!"னு அலறினாரு. யாரும் அவரைப் பாக்கல. தொடர்ந்து ரெண்டு கை வந்த கல்லைத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கோபால்சாமிய மட்டும் ஜீப்புல ஏத்தும்போது நசீர் அவகிட்ட வந்து, "உன் புருஷன் விஷயத்தையும் போலீசுல சொல்லும்மா. நானும் சாட்சி வர்றேன்"ன்னாரு.

"வேணாம் ஐயா. மானுக்கே போவட்டும்." எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னா. "என் புருஷனுக்கு இந்த ஊரு மாட்டைத்தானே வெலையா வெச்சுச்சு? கவுண்டரு மவனுக்கு மானு வெலை. சரியாப் போச்சு."

ஜீப்புல உக்காந்த கோபால்சாமி அவளைக் கூப்பிட்டான். கோவமா ஏதாவது சொல்லப் போறான்னு நெனைச்சா. "அத்த, காலையில புல்லு அறுத்துக் கொல்லையில போட்டிருக்கேன். மாட்டுக்குப் போட்டுடு"ன்னான். ஜீப்பு கெளம்பிடுச்சு.

அந்த வருஷம் வூட்டுக்கு வூடு கூறு போகல. அதுக்கப்புறம் கல்லூத்துப்பட்டுல பொங்கல் வேட்டைன்னு வாயைத் தொறக்கறதுக்கே ஆள் இல்ல. கானாத்துப் பள்ளத்துல உண்ணிச்செடி போய் நெல்லியும் நாவலும் எழுந்துச்சு. மானுங்க கூட்டங் கூட்டமா தண்ணித் தொட்டிக்கு வருதுன்னு நசீருக்கு ஏக சந்தோஷம். மாசியில நடக்க வேண்டிய கல்யாணம் நின்னு போச்சு. பொண்ணு வூட்டுக்காரங்க வேற எடம் பாத்துக்கிட்டாங்க. அதெல்லாம் பின்னால.

ஜீப்பு போன மறுநாள் காலையில சம்பூர்ணம் குளிச்சா. செவலைப் பசுவை அவுத்தா. ஊர் நடுவுல, எல்லா வாசல்லயும் ஆளுங்க பாக்கப் பாக்க ஓட்டிக்கிட்டுப் போனா. பெரியம்மாள் மட்டும், "வேணாம்டி, போதும்டி"ன்னு பின்னாலயே வந்தா. இவ திரும்பிக்கூடப் பாக்கல.

அருணகிரி தன் வூட்டுக் கம்பத்தோரம் சுருண்டு உக்காந்திருந்தாரு. ராத்திரி பூரா தூங்கல போல. அடி சத்தம் கேட்டு, "யாரு?"ன்னாரு. அவ மாட்டைக் கம்பத்துல இறுக்கிக் கட்டினா. மாடு மூச்சு வுட்டது அவரு மொகத்துல பட்டுச்சு. கையை நீட்டித் தடவினாரு. நெத்தியத் தடவினாரு, கொம்பைத் தடவினாரு. யாரு மாடு, யாரு வந்திருக்கறதுன்னு தெரிஞ்சதும் கை அப்படியே நின்னுடுச்சு.

"கன்னு போடும், பால் குடுக்கும்"ன்னா சம்பூர்ணம். "வெச்சிப் பொழைச்சிக்கங்க கவுண்டரே."

சொல்லிட்டு வூட்டுக்கு வந்தா. அவ மனசு குளுந்துச்சான்னு கேட்டா, குளுந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். எட்டு வருஷமா நெஞ்சுல கெடந்த கல்லு எறங்கிடுச்சு, காத்து உள்ள போய் வர்றதே தெரிஞ்சுச்சு. அந்தச் சந்தோஷத்தோடதான் கதவைத் தொறந்துக்கிட்டு கொல்லைப் பக்கம் போனா.

அங்க புல்லுக்கட்டு கெடந்துச்சு. அவிழ்க்காம, கட்டினது கட்டினபடி. நேத்து வேட்டைக்குப் போறதுக்கு முன்னாடி கோபால்சாமி அறுத்துப் போட்டது. போட வேண்டிய மாடு இல்ல. அவ அதை எடுத்து வெளிய போடலாம்னு குனிஞ்சா, அப்புறம் போடல. அங்கயே உக்காந்துட்டா. பொழுது சாயற வரைக்கும் பெரியம்மாள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தா, அவ எழுந்து வரல.